ஜோக்கருக்கும் பேட் கொடுங்கள்!



பக்கத்து வீட்டு அக்காவின் செல்போனில் கொரியா நாட்டு பேஸ்பால் மேட்ச் பார்த்தேன். அமெரிக்காவில் இருந்து அங்கே போன விளையாட்டு அது. ஆனால் கொரியாவில் ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் தனிப் பாட்டு உண்டு. அவர் வந்து நின்றதும் கூட்டமே எழுந்து பாடுகிறது! சின்ன வயசு வீரர் போட்ட பந்து மூத்தவர் மேல் பட்டால், தொப்பியைக் கழற்றித் தலை குனிகிறார். பெரியவர்களுக்கு மரியாதை தருவது அவர்கள் வழக்கம். அதை விளையாட்டிலும் சேர்த்துவிட்டார்கள்.

நாமும் அப்படித்தான். கிரிக்கெட் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. ஆனால் 1999 ஜனவரி 31 அன்று நம் சேப்பாக்கத்தில் என்ன நடந்தது? டெண்டுல்கர் 136 ரன் அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. ஜனங்கள் அழுதுகொண்டே எழுந்து நின்று, ஜெயித்தவர்களுக்குக் கை தட்டினார்கள். அவர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். எங்கள் அப்பா இதை இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் தெரு காலி மனையில் இன்னும் எத்தனை சட்டம்! ஒரு பிட்ச் விழுந்து ஒரு கையில் பிடித்தால் அவுட். காம்பவுண்டு சுவரைத் தாண்டினாலும் அவுட், அடித்தவனே போய் எடுக்கணும். முதல் பந்து ட்ரையல். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருத்தர் 'ஜோக்கர்', இரண்டு பக்கமும் பேட் பிடிக்கலாம். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நாமே போட்டதுதானே!

நான் போனால் நான்தான் ஜோக்கர். ஆனால் எனக்கு மட்டும் சட்டம் வேற. இரண்டு பக்கமும் பந்து பொறுக்கணும், பேட் கிடையாது. கேட்டால், "அடிபட்டா உங்கம்மா எங்களைத்தான் திட்டுவாங்க" என்கிறார்கள் அண்ணன்கள். (போன மாதம் அடிபட்டு அழுதது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுத மாட்டேன்.)

அதே சேப்பாக்கத்தில் 2024 ஜூன் மாதம் ஷஃபாலி வர்மா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக டெஸ்டில் 205 ரன் அடித்தார். சின்ன வயதில் பெண் என்று சேர்க்கவில்லை என்பதால் பையன் மாதிரி முடி வெட்டிக்கொண்டு விளையாடப் போனவர். நான் முடி வெட்ட மாட்டேன். அம்மா விடமாட்டாங்க, எனக்கும் பிடிக்காது.

இந்த சனிக்கிழமை சாயங்காலம் நானும் 'பி' பிரிவு தோழிகள் மூன்று பேரும் காலி மனைக்கு வருகிறோம். ஆளுக்கு ஒரு ஓவர் போதும். முதல் பந்து ட்ரையல் எங்களுக்கும் உண்டு. சுவரைத் தாண்டினால் நாங்களே போய் எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
முடிச்சூர்