இல்லத் தோட்டம்: மல்லிகைக்குப் பழகிய கை



கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழும் சகோதரி ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியுள்ளார். அவர் நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர், தம் லைலாக் செடியின் அடியில் முளைத்த பக்கக்கன்று ஒன்றைப் பெயர்த்து இவருக்கு அன்புடன் அளித்தாராம். கன்று இடுப்பளவு வளர்ந்தும் இன்றுவரை ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. வரும் இலையுதிர் காலத்தில் குடும்பம் வேறு வீட்டிற்குக் குடிபெயர இருக்கிறது. "பூக்காத செடியைச் சுமந்து செல்வானேன்?" என்கிறார் கணவர். மூதாட்டியோ ஆண்டுதோறும் மே மாதம் பிறந்தால், "பூத்ததா?" என்று கேட்கத் தவறுவதில்லை. அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. "என் கைராசி எங்கே போயிற்று?" என்று வருந்துகிறார் சகோதரி.

கைராசிக்குக் குறைவில்லை. கடிதத்தின் நடுவிலுள்ள ஒரு வரியிலேயே விடை இருக்கிறது: "ஊரில் அப்பா செய்வதுபோல், பனி கரைந்தவுடன் மார்ச் மாதத்தில் தவறாமல் கவாத்துச் செய்துவருகிறேன்."

மல்லிகையும் லைலாக்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இயல்பில் இரண்டும் எதிரெதிரானவை. மல்லிகை புதிதாய்த் துளிர்க்கும் கிளையில் பூப்பது. ஆகவேதான் நம் உழவர்கள் நவம்பர் இறுதி முதல் ஜனவரிக்குள் அதனைத் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுகின்றனர். லைலாக் சென்ற ஆண்டுக் கிளையில் பூப்பது. மே மாதத்துப் பூக்களுக்கான மொட்டுகள் அதற்கு முந்தைய கோடையிலேயே கிளை நுனிகளில் உருவாகி, பனிக்காலம் முழுவதும் உறங்கிக் காத்திருக்கின்றன. மார்ச் மாதத்தில் நுனியை வெட்டுகிறவர் அவ்வாண்டின் பூவையே வெட்டிவிடுகிறார். அன்றியும், பக்கக்கன்றாக நடப்பட்ட லைலாக் பூப்பதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆவது இயல்பே. எனவே கத்தரியை எடுத்து வைத்துவிடுக.

இனி, கன்றைப் பெயர்த்து நடும் முறையைக் கூறுவோம்.

இலைகள் உதிர்ந்த பின்னும், தரை உறைவதற்கு முன்னும் உள்ள சில வாரங்களே இதற்கு ஏற்ற காலம். அது தவறினால், வசந்தத்தின் தொடக்கத்தில் மொட்டு விரியுமுன் செய்யலாம். பெயர்ப்பதற்கு முதல் நாள் செடிக்கு நன்றாக நீர் பாய்ச்சுங்கள். ஒரு மீட்டர் உயரமுள்ள கன்றுக்கு, சுமார் 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள தாய்மண்ணுடன் வேர்களை எடுப்பது நலம். மண் உதிராதபடி சாக்கில் வைத்துக் கட்டி, வேர் உலர்வதற்கு முன் கொண்டு செல்ல வேண்டும்.

புதிய இடத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். லைலாக் பால்கன் நாடுகளின் பாறைச் சரிவுகளில் தோன்றியது. எனவே நீர் தேங்கும் நிலத்தையும் புளிப்பு மிகுந்த மண்ணையும் அது விரும்பாது. வளர்ந்தால் நான்கைந்து மீட்டர் உயரும் என்பதால் சுவரை ஒட்டி நடலாகாது. குழியின் அகலம் தாய்மண்ணைப்போல் இருமடங்கும், ஆழம் அதே அளவும் இருக்கட்டும். முன்பு எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நிற்கட்டும். ஆழப் புதைத்தால் வேர் மூச்சுத் திணறும். எடுத்த மண்ணையே திரும்ப இடுங்கள். உரம் வேண்டா. தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும்.

நட்டவுடன் நீர் நிறைய ஊற்றி, தரை உறையும்வரை வாரம் ஒருமுறை ஆழ நனையுங்கள். முதல் கோடையிலும் அவ்வாறே செய்க. ஐந்து முதல் எட்டு செ.மீ. கனத்திற்கு மூடாக்கு இடலாம். அது தண்டைத் தொடாமல் இருக்கட்டும். கோடை இறுதியில் இலைகளில் வெள்ளைப் பூச்சாகச் சாம்பல் நோய் தோன்றினால் அஞ்ச வேண்டா. அதனால் செடி அரிதாகவே கெடும்.

இடம் மாறிய செடி உடனே பூக்கும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். வேரூன்ற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். எனினும் சுமந்து செல்வது வீண் அன்று என்பதைத் தங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் நகரில், வென்ட்வொர்த் ஆளுநரின் மாளிகையருகே ஏறத்தாழ 1750இல் நட்டதாகக் கூறப்படும் லைலாக் செடிகள் இன்றும் உள்ளன. நியூ இங்கிலாந்துப் பகுதியில், வீடு இடிந்து, அடித்தளக் குழி மட்டும் எஞ்சிய பழைய பண்ணைகளிலும், வாசலில் நட்ட லைலாக் இன்னும் பூத்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

புறப்படுமுன் மூதாட்டியிடம் மேலும் ஒரு பக்கக்கன்று கேட்டுப் பெறுங்கள். ஒன்று வாடினும் மற்றொன்று நிற்கும். பூக்காததன் காரணத்தையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஊரில் மல்லிகைக்குக் கவாத்துச் செய்யும் கதையைக் கேட்டால் அவர் மகிழவே செய்வார்.

இலையுதிர் காலத்தில் கிளை நுனிகளைப் பாருங்கள். அங்கே பருத்த மொட்டுகள் இணையாக இருப்பின், வரும் மே மாதத்திலேயே ஓரிரு கொத்துகளை எதிர்பார்க்கலாம். என்று பூத்தாலும், முதல் கொத்தைக் காம்புடன் வெட்டி அம்மூதாட்டியிடம் கொண்டு செல்லுங்கள். பூத்த உடனே வெட்டுவதே லைலாக்கிற்கு உரிய கவாத்து.