சுயமாகக் கற்றல் யாருக்கு உரியது?

பொன்முடி மலைச்சரிவுகளில் வாழும் காணிக்காரர் பிள்ளைகளுக்குச் சுயமாகக் கற்றல் ஒத்துவராது, அது வசதி படைத்தோரின் சோதனை என்று வாதிடுவோர் உண்டு. அதே கேரளத்தின் வயநாட்டில், நடவயலில், 1990களில் கே. ஜே. பேபி தொடங்கிய ‘கனவு’ அவ்வாதத்தை முறித்தது. பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அங்கே பாட்டு, கூத்து, களரி, உழவு வழியே கற்றனர். பின்னர் அதன் பொறுப்பே முன்னாள் மாணவர் கைக்கு வந்தது.

அரசுப் பள்ளிகளின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்க்கிறது. மாணவரைக் குறிப்பிடவே இல்லை. தன் பள்ளியில் பேச இடமற்ற பிள்ளைக்குக் குடியாட்சி வெறும் தேர்வு வினா. பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றால் ஆர்வமின்மை என்று எழுதிவிடுகிறோம். அவர்களிடம் எதையும் கேட்டறியாத பள்ளியின் ஆர்வமின்மையை யார் எழுதுவது?