நெய் ஜாடிக்குப் பின்னால் ஜப்பான் கைப்பை

“ஒரு தடவை காசு கொடுத்து வெப்சைட் போட்டாச்சு, அப்புறம் மாசாமாசம் பராமரிப்புக்கு எதுக்கு அழணும்?” என்கிறார் நண்பர். கடை ஷட்டருக்கு மட்டும் தவறாமல் கிரீஸ் போடுகிறவர்!

எனக்குத் தெரிந்த நெய்க்கடைக்காரர் ஒருவரும் இப்படித்தான் இருந்தார். வேர்ட்பிரஸ் தளம், மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை. ஒருநாள் கூகுளில் கடைப் பெயரைத் தேடினால், அதன்கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம். முகவரியை நேரே தட்டினாலோ நெய் ஜாடி பளிச்சென்று நிற்கிறது. திருடன் கூகுளுக்கு ஒரு முகம், முதலாளிக்கு ஒரு முகம் காட்டியிருக்கிறான். புகுந்த வழி, புதுப்பிக்காத ஒரு பிளகின்.

“அதெல்லாம் தானா அப்டேட் ஆயிடும்” என்பது அரை உண்மை. 2013 முதல் வேர்ட்பிரஸின் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறுகின்றன. பிளகின்களுக்கு நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியின் 7.4 பதிப்புக்கு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதில் ஓடும் தளங்கள் இன்னும் உண்டு. தளத்தின் HTTPS-க்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள்தான். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள்.

ஒன்றும் செய்யாமலே பில் நீட்டுகிற ஆட்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களிடம் பேக்கப்பிலிருந்து தளத்தை ஒருமுறை மீட்டுக்காட்டச் சொல்லுங்கள். அதோடு, உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், நண்பரே.