சனிக்கிழமை இனிப்பும் எமது வீடுகளும்

நோர்வே நாட்டிலே சனிக்கிழமைக்கென ஒரு சுவை உண்டு. வாரத்தின் ஏனைய நாட்களில் மறுக்கப்படும் இனிப்பு அன்று மாலை பிள்ளைகளின் கைக்கு வந்து சேருகிறது. கடைச் சுவரோரம் அடுக்கப்பட்ட பெட்டிகளில் இருந்து சிறு அகப்பையால் அள்ளி, கடதாசிப் பையில் இட்டு, நூறு கிராமுக்கு இவ்வளவு என நிறுத்து வாங்கும் வண்ண வண்ணத் தின்பண்டங்கள் அவை. 'லோர்டாக்ஸ்கொட்' என்பது அதற்கு இந்நாட்டவர் இட்ட பெயர். சனிக்கிழமைத் தின்பண்டம் என்று நாம் சொல்லலாம்.

ஒஸ்லோவின் தெற்குப் புறத்திலே ஹவுகெட்டோ, ஹோல்ம்லியா, மோர்ட்டன்ஸ்ரூட் எனப் பரந்து கிடக்கும் குடியிருப்புகளில் எம்மவர் பிள்ளைகளும் இவ்வழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலே கற்றுக்கொண்டு வீடு வருகிறார்கள். வந்து கேட்கிறார்கள். அக்கேள்விக்கு எமது வீடுகள் தரும் பதிலைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். போரையும் அகதி வழக்கையும் எழுதவேண்டிய பக்கத்திலே இனிப்பைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஒரு குடும்பம் தான் வந்து சேர்ந்த மண்ணிலே வாழத் தொடங்கிவிட்டதா, அன்றி இன்னும் பயணப்பொதியின் மேலேயே அமர்ந்திருக்கிறதா என்பதை அறிய இத்தகைய சிறு விடயங்களே உதவுகின்றன என்பது எமது எண்ணம்.

எம்மவரின் முதல் தலைமுறை இந்நாட்டுக்கு வந்த கதையை மீண்டும் விரிக்கத் தேவையில்லை. எண்பதுகளில் மக்கள் உயர்பாடசாலைகளுக்கு மாணவராக வந்தோரும், பின்னர் தஞ்சம் கோரி வந்தோரும், வடக்கே ஃபின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில் நின்று கைவிறைக்க உழைத்தோரும் தமக்கென ஒன்றையும் வாங்கியதில்லை. முகவருக்குப் பட்ட கடன் ஒருபுறம், தங்கைமாரின் சீதனம் ஒருபுறம், மாதந்தவறாது கட்டவேண்டிய சீட்டுக்காசு இன்னொருபுறம். ஒரு ஐஸ்கிறீமின் விலையைக் குரோணரில் பார்ப்பதில்லை. மனதுக்குள் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, அத்தொகையில் ஊரிலே எத்தனை நாள் அடுப்பு எரியும் எனக் கணக்கிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தவர்கள் அவர்கள். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திலே சீனி அரும்பொருளாகி, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்தபடி வெறுந்தேநீர் அருந்திய உறவுகளின் கடிதங்கள் அக்காலத்தில் வந்துகொண்டிருந்தன. அந்நிலையில் இங்கே சொக்கலேற் எவ்வாறு தொண்டையில் இறங்கும்? அச்சிக்கனத்தை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் கிடையாது. எத்தனையோ வீடுகள் அதனாலே நிமிர்ந்தன.

ஆயினும் கடன் அடைந்த பின்னரும் கணக்கு நிற்கவில்லை. இங்கு பிறந்த பிள்ளை கேட்கும் ஒரு கைப்பிடி இனிப்புக்கும் ஊர்ப் பட்டினியே பதிலாகச் சொல்லப்படுகிறது. 2022 இல் இலங்கை முழுவதிலும் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற செய்தி வந்தபோது அப்பதிலுக்கு மேலும் வலு வந்தது. பிள்ளைக்கு ஊர்த் துயரத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதனை இனிப்புக் கேட்ட குற்றத்துக்கான தண்டனையாகச் சொல்லும்போது, ஊர் என்றாலே மறுப்பு என்று அப்பிள்ளை பதிந்து கொள்கிறது. தாயகத்தின் மீது பற்று வளர்க்க விரும்பும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உள்ளன; அவை பெருகியும் வருகின்றன. தந்தை பகல் வேலை, தாய் மாலை வேலை, கிழமை இறுதியில் இருவருக்கும் மேலதிக வேலை. பிள்ளையோடு இருக்க முடியாத பொழுதுக்கு ஈடாகப் பை நிறைய இனிப்பு வந்து சேருகிறது. திங்களும் இனிப்பு, செவ்வாயும் இனிப்பு. போதாக்குறைக்கு ஸ்வினெசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனுக்குச் சென்று மலிவு விலையில் வாகனம் நிறைய வாங்கி வருகிறோம். நோர்வேஜியரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது உண்மையே. இந்நாடு 1922 தொட்டு சொக்கலேற்றுக்கும் இனிப்புக்கும் வரி விதித்து வந்தது. 2018 இல் அவ்வரியை ஒரேயடியாக எண்பது வீதத்துக்கும் மேல் உயர்த்தியபோது எல்லைக் கடைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. 2021 தை மாதத்துடன் அவ்வரி நீக்கப்பட்டுவிட்டது. வரி போன பின்னரும் எல்லைப் பயணம் மட்டும் போகவில்லை. மலிவாகக் கிடைத்ததென்று அலுமாரியில் அடுக்கிய இனிப்பு சனிக்கிழமை வரை காத்திருப்பதுமில்லை.

இவ்விடத்திலே ஒரு கசப்பான செய்தியையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. ஒஸ்லோவில் 2002 இல் குடிவரவாளரிடையே நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில் இலங்கை, பாகிஸ்தான், ஈரான், துருக்கி, வியட்நாம் ஆகிய நாடுகளில் இருந்து வந்தோர் சேர்க்கப்பட்டனர். நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டது இலங்கையரிடமும் பாகிஸ்தானியரிடமுமே. தெற்காசிய உடல்வாகும் சோற்றுப் பழக்கமும் நடையின்மையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இனிப்பை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பிள்ளையைக் காட்டிலும் எல்லை அவசியம் என்பது தெளிவு. பல்லைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளுக்கு இங்கே பொதுப் பல்வைத்தியம் இலவசம். பதினெட்டு வயதைத் தாண்டி வளர்ந்தபின் வரும் பற்சிகிச்சைச் செலவு எத்தகையது என்பதை எம்மவரிற் பலர் தம் சொந்தப் பையிலேயே அறிவர்.

சனிக்கிழமை வழக்கமே பல்லில் இருந்துதான் பிறந்தது. அதன் பிறப்பு இனிமையானதன்று. சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் எனும் மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியோர் அங்கு தங்கவைக்கப்பட்டிருந்தனர். 1945 முதல் 1955 வரை அங்கு நடத்தப்பட்ட ஆய்வுகளிலே, பற்சூத்தையின் காரணத்தை அறியும் பொருட்டு, பல்லிலே ஒட்டிக்கொள்ளும் ரொபியை விசேடமாகச் செய்து அவர்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 ரொபிகள். அவர்களிடம் சம்மதம் கேட்பார் எவருமில்லை. பலரின் பற்கள் கெட்டழிந்தன. இனிப்பின் மொத்த அளவைக் காட்டிலும், உணவு வேளைகளுக்கு இடையிலே அடிக்கடி, ஒட்டும் வடிவில் உண்பதே பெருங்கேடு என்பது புலனாயிற்று. வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள் என்ற அறிவுரை அதன் பின் சுவீடனிலே பரவியது. நோர்வேயிலும் அவ்வாறே சனிக்கிழமை இனிப்பு நாளாயிற்று. பேச நாதியற்ற மனிதரின் வாயில் கண்டறிந்த பாடம் இன்று பிள்ளைகளின் குதூகலமாக நிற்கிறது. நலன்புரி நாடுகள் எனப் போற்றப்படும் இவற்றின் அடித்தளத்திலும் இத்தகைய செங்கற்கள் கிடக்கின்றன என்பதை நினைவிற் கொள்வது தகும்.

எனினும், இனிப்புக்கு ஒரு நாள் என்பது எமக்குப் புதிதா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை. எமது ஊரிலே இனிப்பு நாட்காட்டியோடு வந்தது. ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டியிட்ட கூழும் கொழுக்கட்டையும். தைப்பொங்கலுக்குப் புக்கை. நவராத்திரிக்கு அவலும் கடலையும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பயற்றம் பணியாரமும் முறுக்கும். நல்லூர்த் திருவிழாவென்றால் தும்பு முட்டாசும் ஐஸ்கிறீமும். ஆடிப்பிறப்பின் விடுமுறையையும் கூழையும் கொழுக்கட்டையையும் சிறுவர் பாட்டாக்கித் தந்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். அப்பாட்டிலே குதிப்பது இனிப்பின் மீதான ஆசை மட்டுமன்று. நாளை வரப்போகிறது என்ற காத்திருப்பு. மாவை இடிக்க ஒருவர், தேங்காய் துருவ ஒருவர், பிடிக்க நால்வர் என வீடே கூடிநின்ற பொழுது அது. நோர்வேஜியர் சனிக்கிழமையில் வைத்திருப்பதும் அதே காத்திருப்பைத்தான். அந்நிய வழக்கம் என்று அஞ்சுவதற்கு அதில் ஏதுமில்லை.

ஆதலால் கடை இனிப்புக்குப் பதிலாக எள்ளுருண்டையையே தின்னவேண்டும் எனப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தும் பண்பாட்டுக் காவலையும் நாம் ஏற்கவில்லை. எள்ளுருண்டையை வெறுக்கச் செய்ய அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இப்போது புதுமோகம் ஒன்று வந்திருக்கிறது. பிஸ்தாப் பசையும் வறுத்த மெல்லிய சேமியா போன்ற கடாயிபும் உள்ளே வைத்த 'துபாய் சொக்கலேற்'. 2021 இல் துபாயிலே ஒரு சிறு தயாரிப்பாளரிடம் தொடங்கி, டிக்டொக் காணொளிகளால் 2024 இல் உலகெங்கும் பரவி, நோர்வேக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. விலையோ சாதாரணக் கட்டியைவிடப் பன்மடங்கு. பிள்ளைகளைக் குறிவைத்துத் தின்பண்டங்களை விளம்பரம் செய்வதைத் தடுக்கும் விதிகள் 2025 ஒக்டோபரில் இந்நாட்டிலே நடைமுறைக்கு வந்தன. வகுப்பறைப் பேச்சை எந்தச் சட்டம் தடுக்கும்? திங்கட்கிழமை காலையில் நீ அதைத் தின்றாயா என்று தோழி கேட்கையில், தலையை ஆட்ட முடியாத பிள்ளை இழப்பது பிஸ்தாச் சுவையை அன்று. ஏற்கெனவே பெயராலும் நிறத்தாலும் மதிய உணவுப் பெட்டியின் மணத்தாலும் வேறுபட்டு நிற்கும் பிள்ளைக்கு, எல்லோரோடும் ஒன்றாய்ப் பேச ஒரு விடயம் வேண்டியிருக்கிறது. அதற்காக வாராவாரம் வாங்க வேண்டியதில்லை. ஒருமுறை, ஒரு கட்டி, வீட்டில் உள்ள அனைவருக்கும் துண்டுபோட்டு, இதற்கா இவ்வளவு விலை என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தால் போதுமானது. விலை மிகுந்த பண்டத்தை முழுக்கட்டியாக ஒரு பிள்ளையின் கையிலே கொடுத்து அறைக்குள் அனுப்பிவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு.

சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ரப்பர் போல் இழுபடும் இனிப்புகள் பலவற்றில் உள்ள ஜெலற்றின் பன்றியின் தோலில் இருந்தோ மாட்டில் இருந்தோ எடுக்கப்படுகிறது. புரட்டாதிச் சனியில் விரதமிருந்து மாலையிலே பிள்ளைக்கு அதை அள்ளிக் கொடுக்கும் விந்தை நடக்காதிருக்க, பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கலாம். ஜெலற்றின் சேராதவையும் நிறையவே கிடைக்கின்றன.

வளர்ந்தோரின் இன்பம் பற்றியும் பேசவேண்டும். ஒஸ்லோ ரூடெலொக்காவில் 1889 இல் தொடங்கிய பிரெயா சொக்கலேற் ஆலையை எம்மவர் அறிவர். அதன் அதிபராயிருந்த யொஹான் த்ரோனெ ஹோல்ஸ்ற், 'அலறல்' ஓவியத்தால் உலகப் புகழ்பெற்ற எட்வர்ட் முங்க்கைக் கொண்டு, ஆலையில் வேலை செய்த பெண்களின் உணவு மண்டபத்துக்கென 1922 அளவில் பன்னிரண்டு ஓவியங்களை வரைவித்தார். சொக்கலேற் சுற்றும் பெண் சோறுண்ணும் அரைமணி நேரத்திலும் அழகான ஒன்றைக் காணவேண்டும் என எண்ணியிருக்கிறார்கள். முதலாளியின் தொழில் தந்திரமும் அதில் கலந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். உழைப்பாளிக்கு ஓய்வும் இன்பமும் உரியவை என்ற எண்ணம் இந்நாட்டிலே அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் தோடம்பழமும் 'கவிக்லுன்ஸ்' சொக்கலேற்றும் எடுத்துக்கொண்டு பனிமலை ஏறுவதும், மே 17 இல் பிள்ளைகள் கேட்ட அளவு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பதும் அதன் கிளைகளே. மருத்துவமனைத் துப்புரவிலும் உணவகச் சமையலறையிலும் நின்றே முதுகு வளைந்த எமது பெற்றோர் தமக்கென அத்தகைய அரைமணி நேரத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்?

சனிக்கிழமை எமது வீடுகளிலே மிகவும் நெருக்கடியான நாள். தமிழ் வகுப்பு, பரதம், மிருதங்கம், கணிதப் பாடம், அதன்பின் ஒரு பிறந்தநாள் விழாவோ சாமத்தியச் சடங்கோ. ஹவுகெட்டோ நிலையத்தில் புகையிரதத்தில் இருந்து இறங்கிப் பேருந்துக்கு ஓடும் குடும்பத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. எமது வேண்டுகோள் சிறியது. மாலை ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ, ஒரு வகுப்பைக் குறைத்தேனும், எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி இருக்கட்டும். ஒரு கிண்ணத்தில் பிள்ளை தேர்ந்தெடுத்த கடை இனிப்பு. இன்னொன்றில் அம்மம்மா பொதியில் அனுப்பிய பயற்றம் உருண்டை. தேநீர். தொலைபேசிகள் வேறிடத்தில். வாரத்திலே அந்த ஒருநாள் போக மற்ற நாட்களில் இனிப்பு இல்லை என்றால் பிள்ளைகள் அழுவதில்லை. நாள் ஒன்று நிச்சயமாக உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

தஞ்சக் கோரிக்கைக்குப் பதில் வராது முகாம்களில் காத்திருப்போருக்கு இவையெல்லாம் தொலைவான பேச்சாகத் தோன்றலாம். கிடைக்கும் உதவித்தொகை சொற்பம். வழக்கறிஞரின் கடிதத்தை எதிர்பார்த்தே நாட்கள் கழிகின்றன. முடிவு வரட்டும், அதன்பின் வாழலாம் என்று மனம் சொல்லும். பிள்ளைக்கோ அவ்வாறு ஒத்திவைக்க முடிவதில்லை. ஏழு வயதிலே தவறிய சனிக்கிழமையை ஒன்பது வயதிலே அனுமதிப் பத்திரம் வந்து மீட்டுக் கொடுக்காது. நூறு கிராம் இனிப்பின் விலை ஒரு பேருந்துச் சீட்டைவிடக் குறைவு. உயிர்த்த ஞாயிற்றை ஒட்டிக் கடைகள் போட்டிபோட்டு விலையை இறக்கும்போது அதைவிட மிகக் குறைவு. ஏற்கெனவே இங்கு வேரூன்றிவிட்ட குடும்பங்கள், தம் அயலிலே காத்திருக்கும் குடும்பமொன்றைத் தமது சனிக்கிழமை மேசைக்கு அழைக்கலாம். அழைப்பவர் உதவி என்று சொல்லி அழைக்காதிருப்பது நலம்.

இறுதியாக எமது தாய்மாரிடம் ஒன்று. எல்லோருக்கும் பங்கிட்ட பின்னர், எனக்கு இனிப்புப் பிடிக்காது என்று சொல்லும் வழக்கம் உங்களுக்கு உண்டு. ஊரிலே அச்சொல்லின் பொருள் எல்லோருக்கும் தெரியும். தங்கச்சியோ மாமியோ வலிந்து ஒரு துண்டை வாயில் ஊட்டிவிடுவார்கள். இங்கே வளரும் பிள்ளைகள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே விளங்கிக் கொள்கிறார்கள். அம்மாவுக்கு இனிப்புப் பிடிக்காது என்று உறுதியாக நம்பியே பலர் வளர்ந்து திருமணமும் முடித்துவிட்டார்கள்.