சிதம்பரத்திலிருந்து லினக்ஸ் மீட்டிங்: ஒரு லிங்க் போதுமா?

சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம் பல ஆண்டுகள் ஐஐடி வளாகத்தில்தான் நடந்தது. சிதம்பரத்து மாணவர் அதற்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். கடலூர்க்காரருக்குத் தூரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஒருதடவை போவார்கள், அடுத்த மாதம் 'பார்த்துக்கலாம்'.

காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவோ ஞாயிறுதோறும் ஜிட்சியில் கூடுகிறது. ஜிட்சியே ஒரு கட்டற்ற மென்பொருள்தான். லிங்க்கைத் தட்டினால் உள்ளே போகலாம். பங்கேற்பவர் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

மிச்சமாவது பஸ் காசு மட்டுமல்ல. ஓப்பன் சோர்ஸ் வேலை பெரும்பாலும் எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் நடக்கிறது. புதியவர் தயங்குவது அங்கேதான். வீடியோவில் திரையைப் பகிர்ந்து, "இந்த எரர் ஏன் வருது?" என்று தமிழிலேயே கேட்டுவிடலாம். தெரிந்தவர் அங்கேயே சரிசெய்து காட்டுவார்.

ஆனால் இரண்டு சீனியர்கள் பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அது டிவி பார்ப்பதுதான். முதல் பத்து நிமிடம் புதியவர்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். தலைப்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் லேபுக்கா பஞ்சம்? பத்துப் பேர் ஒரே புரொஜெக்டர் முன் உட்கார்ந்து இணைந்தால் டேட்டாவும் மிச்சம், மறுவாரம் கூப்பிட ஆளும் இருக்கும்.