உப்பில்லாப் பண்டம்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொன்ன மகானுபாவருக்கு பி.பி. இருந்திருக்காது.

என் அப்பாவுக்கு இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். டாக்டர் "உப்பைக் குறைங்க" என்ற நாளிலிருந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். ஒரு மாதத்தில் சட்டையெல்லாம் தொளதொள.

போன ஞாயிறு என் பையன், "ஆரஞ்சு சிக்கன் பண்ணலாம்ப்பா" என்றான்.

"பழத்தைப் பிழிஞ்சு குடி, கோழியைக் குழம்பு வை. ரெண்டுக்கும் எதுக்குடா சம்பந்தம் பேசறே?" என்றார் அப்பா.

சைனீஸ் ஐட்டம் என்று பெயர். பிறந்தது 1987-ல், அமெரிக்காவின் பாண்டா எக்ஸ்பிரஸ் ஓட்டலில், ஆண்டி காவோ என்ற சமையல்காரர் கையில். நம் சிக்கன் மஞ்சூரியன் மட்டும் என்ன, மஞ்சூரியாவிலா பிறந்தது? பம்பாயில் நெல்சன் வாங் செய்தது, 1975-ல்! ஆனால் காய்ந்த ஆரஞ்சுத் தோல் போட்டுக் கோழி சமைப்பது சீனாவில் நிஜமாகவே உண்டு. வாசனையே தோலில்தான்.

அந்தத் தோலில்தான் வழுக்கி விழுந்தேன். உள்ளே இருக்கிற வெள்ளையையும் சேர்த்துத் துருவிவிட்டேன். ருசி பார்த்த மனைவி, "ஏங்க, வேப்பங்கொழுந்தா போட்டீங்க?" என்றாள்.

ஹாலிலிருந்து அப்பா எழுந்து வந்தார். "குடுடா கத்தியை."

லேத்தில் இரும்பு சுருள் சுருளாக வருமே, அதுபோல ஆரஞ்சுத் தோல் அவர் கையிலிருந்து இறங்கியது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பையன் வாயைப் பிளந்து நின்றான்.

எலும்பில்லாத கோழி அரைக் கிலோ. முட்டை வெள்ளைக்கரு, கார்ன்ஃபிளவரில் பிரட்டிப் பொரித்தாள் மனைவி. நான் இஞ்சி, பூண்டு, வரமிளகாயை வதக்கி, நாலு பழச் சாற்றை விட்டுப் பாதியாகச் சுண்டவைத்தேன். ஒரு ஸ்பூன் சர்க்கரை, கரைத்த கார்ன்ஃபிளவர், நறுக்கிய தோல். கடைசியில் கோழி.

சோயா சாஸ்தான் வில்லன். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 2,000-க்குள். எனவே நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டீஸ்பூன். தனியாக உப்பு, ஒரு கல்கூடக் கிடையாது. புளிப்பும் காரமும் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மூன்று பேரும் அவர் தாடையையே பார்த்தோம். இன்னொரு துண்டு. அப்புறம் இன்னொன்று.

"ஏம்மா, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே? டாக்டர் திட்டப்போறார்" என்றார் மருமகளிடம்.

"தாத்தா, அதுல உப்பே..." என்று ஆரம்பித்த பையன் வாயில், மனைவி சட்டென்று ஒரு துண்டைத் திணித்தாள்.

"அடுத்த தடவை குறைச்சுடறேன் மாமா."

அப்பா தட்டைத் தள்ளினார். காலியாக இருந்தது.

பி.காம். படித்தவன் சொல்கிறேன்: ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கணக்கு அன்றைக்குத்தான் டாலி ஆனது.