மணிலாக்கொட்டைக்கு வந்த மவுசு

திண்டிவனத்துப் பக்கம் விளையும்போது அது வெறும் மணிலாக்கொட்டை. கண்ணாடிப் புட்டிக்குள் புகுந்து ‘பீநட் பட்டர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டதும் அதற்கு என்ன கௌரவம், என்ன விலை! நாமும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறோம். 1918-ல் கேடா ஜில்லாவில் சுற்றித் திரிந்த காந்திஜிக்கு வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமுமே முக்கிய ஆகாரம். கடலையை வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் கசிந்து குழம்பாகும் வரை அரைத்தால் அந்த வெண்ணெய் நம் வீட்டிலேயே தயார்.

இனி, கேக். மைதா 1½ கப், சர்க்கரை 1 கப், கோகோப் பொடி ¼ கப், சமையல் சோடா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்து சலிக்கவும். தண்ணீர் 1 கப், கடலை எண்ணெய் 6 மேஜைக்கரண்டி, எலுமிச்சஞ்சாறு 1 மேஜைக்கரண்டி சேர்த்துக் கட்டியின்றிக் கலக்கவும். புளிப்பும் சோடாவும் கூடி நுரைத்து மாவை உப்பச் செய்வதால் முட்டை வேண்டியதில்லை. ஆனால் நுரை அடங்குமுன், எண்ணெய் தடவிய 8 அங்குலத் தட்டில் ஊற்றிவிட வேண்டும். மேலே கடலை வெண்ணெய் 4 மேஜைக்கரண்டி ஆங்காங்கே இட்டு, முன்பே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரியில் சுமார் 35 நிமிஷம் வேகவிடவும். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. அந்த வெண்ணெயை அளவு மீறி உண்டதால் தமக்குச் சீதபேதி கண்டதென்று காந்திஜியே ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். ஆகவே, ஆளுக்கு ஒரு துண்டு போதும். மீதி அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குப் போகட்டும்!